ஓல்ட் குவார்ட்டரில் சிரித்தவர்கள்

டவுன்ஸ் வான் சான்ட் என்ற பெயரைப் போன வருடம் வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. வேலையிடத்து நண்பர் ஒருவர் ஒரு நேரடிப் பதிவை அனுப்பி, "கார்ல போகும்போது கேளு, பாதியில நிறுத்தாத" என்றார். ஷா ஆலமிலிருந்து கிள்ளானுக்குப் போகும் சாயங்கால ஜாமில் முதல்முறை கேட்டேன்.

முதலில் யாரோ மைக்கில் அறிவிப்பு செய்கிறார். பிறகு ஒரு கித்தார், ஒரு குரல். நடுநடுவே பாட்டில்கள் உரசும் சத்தம். அவ்வளவுதான். 1973 ஜூலையில், டெக்சாஸின் ஹியூஸ்டன் நகரில், 'ஓல்ட் குவார்ட்டர்' என்ற சின்ன மதுக்கூடத்தில் பதிவானது. 4 வருடம் கிடப்பில் கிடந்து, 1977இல்தான் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது.

அவருடைய 1968ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டையும் தேடிக் கேட்டேன். பாட்டுக்கு மேல் பாட்டாக வாத்தியங்களை அடுக்கியிருந்தார்கள். அதில் வந்த சில பாடல்களை அவரே அடுத்தடுத்த தட்டுகளில் எளிமையாக மறுபடி பதிவு செய்திருக்கிறார். ஓல்ட் குவார்ட்டரில் அந்தச் சுமை எதுவும் இல்லை. அதனால் வேலைப்பாடு அப்படியே தெரிகிறது. 'மிஸ்டர் மட் அண்ட் மிஸ்டர் கோல்ட்' என்றொரு பாட்டு. இரண்டு பேர் சீட்டாடுகிறார்கள், சீட்டுகளும் பாத்திரங்களாகி ஆட்டத்தில் இறங்குகின்றன. மூச்சுவிட இடமில்லாமல் எதுகை மேல் எதுகையாக ஓடும் அந்த வரிகளில் அவர் நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. போதையில் தள்ளாடும் ஆள் செய்யக்கூடிய காரியமில்லை இது. தொழில் தெரிந்தவன் செய்வது.

சோகப் பாட்டுக்கு நடுவில் ஜோக்கும் அடிக்கிறார். மலிவான ஒயினைப் பற்றி 'டாக்கிங் தண்டர்பேர்ட் புளூஸ்' என்று ஒரு வேடிக்கைப் பாட்டு. அதற்குக் கூட்டம் சிரிக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் வாழ்க்கையைப் படித்தேன். டெக்சாஸில் ஒரு மாவட்டமே வான் சான்ட் பெயரில் இருக்கிறது, அவ்வளவு பழைய குடும்பம். கொலராடோவில் படித்துக்கொண்டிருந்தவரைப் பெற்றோர் அழைத்து வந்து மனநோய்க்கு இன்சுலின் அதிர்ச்சி சிகிச்சை கொடுக்க வைத்தார்கள். பழைய நினைவுகளில் பெரும்பகுதி அதில் அழிந்துபோனது. பிறகு ஹெராயின், குடி. 1997 ஜனவரி 1ஆம் தேதி, 52 வயதில் இறந்தார். அவர் கொண்டாடிய ஹேங்க் வில்லியம்ஸ் இறந்ததும் ஒரு ஜனவரி 1தான், 1953இல். இந்தத் தேதிப் பொருத்தத்தைச் சொல்லாமல் யாரும் அவரைப் பற்றி எழுதுவதில்லை. 1972இல் வந்த இசைத்தட்டுக்கு 'காலஞ்சென்ற மாபெரும் டவுன்ஸ் வான் சான்ட்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அப்போது அவருக்கு 28 வயது! உயிரோடு இருக்கும்போதே கதை கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் கதை சொல்வது இதுதான்: வலி அவரை எழுத வைத்தது, குடி பாட வைத்தது. நான் ஒரு பொறியாளன், எனக்கு வருடங்களை வரிசையாக எழுதிப் பார்க்காமல் ஆகாது. எழுதிப் பார்த்தேன். 1968 முதல் 1972 வரை 5 வருடத்தில் 6 இசைத்தட்டுகள். அதற்குப் பிறகு சாகும்வரை ஸ்டூடியோவில் செய்து வெளியிட்டவை 3தான்: 1978, 1987, 1994. நோய் முதலிலும் இருந்தது, கடைசியிலும் இருந்தது. குடி கூடக்கூடக் குறைந்தது பாட்டுதான். 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி'யை 1983இல் வில்லி நெல்சனும் மெர்ல் ஹேகர்டும் பாடி, நாட்டுப்புற இசை வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாட்டும் 1972லேயே எழுதி முடித்ததுதான்.

1990இல் பெர்லினில் பதிவான கச்சேரியையும் கேட்டேன். குரல் கீழே இறங்கி, கரகரத்து, வரிகளை மெதுவாக இழுத்துக்கொண்டு போகிறது. "இதுலதான் உண்மை இருக்கு" என்றார் பெயர் சொல்லி அனுப்பிய அதே நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு சுலபமாக வந்த ஒன்றை எட்டிப் பிடிக்க ஒரு மனிதர் படும் பாடுதான் அதில் எனக்குக் கேட்டது.

இவ்வளவு யோசிக்க எனக்கொரு காரணம் உண்டு. பல்கலைக்கழக விடுதியில் எங்களுக்கு ஒரு சீனியர் இருந்தார். நல்ல கவிதைகள் எழுதுவார். குடித்தால் இன்னும் நன்றாக வாசிப்பார் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். காசு போட்டு பியர் வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கைதட்டினோம். இப்போது அவர் எழுதுவதில்லை. குடிகாரக் கவிஞர்களின் கதைகளை மாமாக் கடையில் உட்கார்ந்து ருசித்துச் சொல்லும் பழக்கம் மட்டும் எங்களிடம் மிச்சமிருக்கிறது.

ஓல்ட் குவார்ட்டரில் சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜோக் நன்றாகத்தான் இருந்தது, 24 வருடம் கழித்து நடக்கப்போவது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இப்போதும் அந்தப் பாட்டு வந்தால் சிரிப்பு பாதி வந்து நின்றுவிடுகிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவர் வாழ்க்கைக் கதையை முதலில் படிக்காதீர்கள். 1973 பதிவைக் கேளுங்கள். 29 வயது இளைஞர் ஒருவர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறார். அவரை முதலில் அப்படித் தெரிந்துகொள்வதுதான் நியாயம்.