பிரெய்ரி நாய் வேட்டை

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா, வயோமிங் போன்ற மாநிலங்களின் மாட்டுப் பண்ணை நிலங்களில், அணில் குடும்பத்து வளைவாழ் கொறிணியான பிரெய்ரி நாயைத் தொலைவிலிருந்து சுடும் வேட்டை. மேய்ச்சல் புல்லைத் தின்றுவிடுகிறது என்பது பண்ணையாளர் புகார். துப்பாக்கியை மணல் பைமீது கிடத்தி, 200, 300 மீட்டருக்கு அப்பால் வளைமேட்டில் நிமிர்ந்து நிற்கும் உடலைத் தொலைநோக்கி வழியே குறிவைப்பார்கள். .220 ஸ்விஃப்ட் (1935), .204 ரூகர் (2004) போன்ற தோட்டாக்களின் குண்டு எடை குறைந்தது, அதிவேகமானது. பக்கக்காற்று அதை எளிதில் தள்ளிவிடும் என்பதால் புல் சாயும் திசையைப் பார்த்துக் குறியை நகர்த்துவார்கள்.

சுடப்பட்டவை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். அவற்றைத் தின்னும் கழுகுகளின் உடலில் ஈயம் நஞ்சாகச் சேர்கிறது. பிரெய்ரி நாய் குறைவது இன்னொரு விலங்கையும் பாதிக்கும். அற்றுப்போனதாகக் கருதப்பட்டு 1981இல் வயோமிங்கில் மீண்டும் கண்டறியப்பட்ட கருங்கால் ஃபெரட் என்னும் சிறு ஊனுண்ணிக்குப் பிரெய்ரி நாயே முக்கிய உணவு. அதன் வளையே உறைவிடமும்.