அழுதுகொண்டு ஓடிவந்த சிறுவன்



நம் காரைக்குடியில் கல்வி நிறுவனங்களை எழுப்பிய கோட்டையூர் அழகப்பச் செட்டியார், 1950-ஆம் ஆண்டளவில் சென்னையில் ஒரு கணித ஆய்வு நிலையத்தையும் நிறுவினார். அதற்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயரைச் சூட்டினார். அந்த மேதையை உலகம் அறியும்; அவரைப் பிள்ளையாய் வளர்த்த வீட்டின் பாடுகளைச் சிலரே அறிவர்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கர், தாய் கோமளத்தம்மாள். மூன்று வயது வரை பிள்ளை பேசவில்லை. கேட்ட உணவு கிடைக்காவிட்டால் மண்ணில் புரண்டு அழுவான். பாத்திரங்களை ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை வரிசையாக அடுக்குவான். பள்ளியில் ஒருமுறை கணக்கில் 45-க்கு 42 பெற்றான். நண்பனோ 43 பெற்றான். அவனோடு பேசவும் மறுத்து, அழுதுகொண்டே தாயிடம் ஓடினான்.

"ஒரு மதிப்பெண்ணுக்கா இத்தனை அழுகை?" என்று நாம் கேட்போம். அந்தச் சிறுவனுக்கோ அது மதிப்பெண் அன்று. தான் யார் என்பதற்கு அவனிடமிருந்த ஒரே விடை.

1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர வேறு பாடங்களில் மனம் பதியாததால் அதை இழந்தார். 1905-இல், 17 வயதில், சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பெற்றோர் தவித்துத் தேடினர்.

வயது ஏறியும் அந்த மனம் மாறவில்லை. கேம்பிரிட்ஜில் நண்பர்களுக்குத் தம் கையால் விருந்து சமைத்தார். விருந்தினர் மேலும் உண்ண மறுத்தபோது, ஓசையின்றி வெளியேறி ஆக்ஸ்ஃபோர்டு சென்றுவிட்டார். நோயும் தனிமையும் வாட்டிய 1918-இல் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார். ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியதும் அதே ஆண்டில்தான். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார்.

ஆழ்ந்து காணும் மனம் ஆழ்ந்து நோகவும் செய்கிறது. எண்களில் பிறர் காணாததைக் கண்ட அதே மனமே, விருந்தினரின் ஒரு மறுப்பையும் தாங்க மாட்டாமல் தவித்தது. ஆகவே, திறமையை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணீரை அடித்து விரட்ட முயல்வது, வேரை வெட்டிவிட்டுக் கனிக்குக் காத்திருப்பதாகும்.

கோமளத்தம்மாள் மகனோடு அமர்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடினார். அழுது வந்தவனுக்கு அடைக்கலமானார். ஆனால் அதே தாய், பிற்காலத்தில் மருமகள் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்களைத் தடுத்தார் என்றும் வரலாறு கூறுகிறது. உடனிருப்பது அன்பு; இறுகப் பற்றிக்கொள்வது வேறு.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மரியாளும் யோசேப்பும் பன்னிரண்டு வயது இயேசுவைத் துயரத்தோடு தேடி, மூன்று நாளைக்குப்பின் தேவாலயத்தில் கண்டார்கள். மரியாள் தன் வேதனையை மறைக்கவில்லை. பிள்ளையின் மறுமொழி அவர்களுக்கு விளங்கவுமில்லை. ஆயினும் அவள் யாவற்றையும் இருதயத்தில் வைத்துக்கொண்டாள். விளங்காத பிள்ளையையும் இருதயத்தில் சுமக்கலாம்.

பெற்றோரே, அழுகை தணிந்தபின் காரணத்தைக் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதிருங்கள். தேர்வு முடிவு வரும் நாளில் அருகிலேயே இருங்கள். "வாழ விருப்பமில்லை" என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும், அதை விளையாட்டாகக் கொள்ளாமல் தனியே விடாதிருங்கள்; மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

பிள்ளைகளைத் தந்த தேவன், அவர்களோடு பொறுமையாய் நடக்கும் கிருபையையும் நமக்குத் தருவாராக. ஆமென்.