பழவேற்காட்டுக் குப்பங்களின் குடிநீரும் நீரழுத்தமும்: ஒரு வரலாறு

பழவேற்காடு ஏரி, திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையிலும் ஆந்திரப் பிரதேசத்திலுமாகப் பரந்துள்ள உவர்நீர் ஏரி ஆகும். இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. இதன் தென்கரையை ஒட்டிக் கோட்டைக்குப்பம், ஜமீலாபாத், கூனங்குப்பம், பசியாவரம் முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. டச்சுக்காரர் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை பற்றியும், அவர்களது கல்லறைகள் பற்றியும் பலர் எழுதிவிட்டனர். இக்கட்டுரை அவ்வூர் மக்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றியது. குறிப்பாக, அந்தத் தண்ணீர் குழாயில் ஏன் மெதுவாக வருகிறது என்பதைப் பற்றியது.

குழிக்குள் இறங்கிய குழாய்

கடலோர ஊர்களில் நடந்து செல்பவர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். தெருக்குழாய் சில இடங்களில் தரைக்கு மேலே நிற்பதில்லை. இரண்டடி, மூன்றடிக் குழி தோண்டி, அதற்குள் குழாயை வெட்டி இறக்கியிருப்பார்கள். குடத்தைக் குழிக்குள் வைத்து நிரப்பி, குனிந்து தூக்க வேண்டும். பார்ப்பவருக்கு இது வேண்டாத வேலை போலத் தோன்றும். உண்மையில் இது சரியான கணக்கு.

நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையாக அழுத்தும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி 12 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். குழாய்ச் சுவரின் உராய்வு, வளைவுகள், வழியில் உள்ள பிற குழாய்கள் எல்லாமாகச் சேர்ந்து 10 மீட்டரை விழுங்கிவிட்டால், கடைசித் தெருவில் மிஞ்சுவது 2 மீட்டர்தான். அங்கே தரைக்கு ஒரு மீட்டர் மேலே குழாய் வைத்தால் ஒரு மீட்டர் அழுத்தம் கிடைக்கும். ஒரு மீட்டர் ஆழக் குழிக்குள் வைத்தால் மூன்று மீட்டர் கிடைக்கும். உராய்வு மாறாது என்று வைத்துக்கொண்டால், ஏழு நிமிடத்தில் நிரம்பிய குடம் நான்கு நிமிடத்தில் நிரம்பும். ஒரு மணி நேரமே தண்ணீர் வரும் ஊரில் இந்த மூன்று நிமிடம் சிறிய விஷயமன்று.

பள்ளியில் ஒரு டின்னில் மேலும் கீழுமாக மூன்று துளைகள் இட்டு, நீர் ஊற்றிக் காட்டுவது வழக்கம். கீழ்த் துளையிலிருந்துதான் நீர் வேகமாகப் பீய்ச்சும். ஒருமுறை குப்பத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் மேல் துளையைக் காட்டி, "சார், அதுதான் எங்க தெருக் குழாய்" என்றான். அதற்குமேல் அந்தப் பாடத்தில் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை.

உயரம் மட்டுமல்ல, குழாயின் அகலமும் முக்கியம். உள்விட்டம் பாதியாகக் குறைந்தால், அதே அளவு நீரைக் கொண்டுசெல்லும்போது உராய்வு இழப்பு ஏறத்தாழ 30 மடங்கு கூடும். செலவைக் குறைக்கச் சிறிய குழாய் பதித்த ஊர்களில் கடைமடைத் தெருவுக்குத் தண்ணீர் எட்டாததற்கு இதுவே காரணம். வயலில் கடைமடைக்காரன் படும் பாட்டைக் குழாயில் குப்பத்துக்காரர் படுகின்றனர்.

சென்னை கற்ற பாடம்

தட்டையான இந்தக் கடற்கரையில் நீரழுத்தம் ஒரு சிக்கல் என்பதை முதலில் உணர்ந்தது சென்னை நகரம். 1772-இல் அமைந்த ஏழுகிணறு, புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் தந்தது. நூறாண்டு கழித்து, 1872-இல், பொறியாளர் பிரேசரின் திட்டப்படி கொசஸ்தலை ஆற்று நீர் தாமரைப்பாக்கத்தில் திருப்பப்பட்டு, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகத் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வந்தது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் கடலில் சேரும் அதே ஆறுதான் இது.

கீழ்ப்பாக்கத்திலிருந்து இரும்புக் குழாய்களில் நகரெங்கும் நீர் ஓடியது. ஆனால் நில உயர வேறுபாட்டை மட்டுமே நம்பி ஓடியது. சென்னையோ மேசை போன்ற ஊர். அழுத்தம் போதவில்லை. 1914-இல்தான் மணல் வடிகட்டிகளும், நீரேற்று நிலையமும், உயர்நிலைத் தொட்டியும் கீழ்ப்பாக்கத்தில் செயல்பாட்டுக்கு வந்தன. இப்பணியில் பொறியாளர் மேட்லியின் பங்கு பெரிது. தியாகராய நகரில் மேட்லி சாலை வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மீஞ்சூர் மணலுக்கு அடியில்

குழாய் வருமுன் குப்பங்களின் குடிநீர் ஊற்றுநீர். கடற்கரை மணல்மேட்டில் பள்ளம் தோண்டி, ஊறிவரும் நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்புவர். கடலுக்கு இவ்வளவு அருகில் நன்னீர் எப்படிக் கிடைத்தது? மழைநீர் உப்புநீரை விட இலேசானது. அது மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிறது. இதைக் கணக்காக வகுத்தவர்களுள் ஒருவர் டச்சுப் பொறியாளர் கைபென். மற்றவர் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது அவர்களது விதி. இதன் மறுபக்கம்தான் அச்சமூட்டுவது. மேலே அரை மீட்டர் குறைந்தால், கீழே உப்புநீர் 20 மீட்டர் ஏறிவரும். கொட்டாங்கச்சியால் மொண்டவரை ஊற்று இனித்தது. மோட்டார் வைத்து இழுத்தால் கரிக்கும்.

இதுவே பெரிய அளவில் மீஞ்சூரில் நடந்தது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணல் படுகை, பொன்னேரி, மீஞ்சூர் பகுதிகளின் அடியில் நல்ல நீரைத் தேக்கி வைத்திருந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியுடன் இங்கு ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்களிலிருந்து சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுக்கப்பட்டது. உழவர்களும் பம்புசெட்டு வைத்து இறைத்தனர். நிலத்தடி நீரின் அழுத்தம் கடலின் அழுத்தத்துக்குக் கீழே போனது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை வந்திருந்த உப்புநீர், 1983-இல் சுமார் 9 கி.மீ. உள்ளே வந்துவிட்டது. 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. உப்பு ஏறிய பிறகு வந்த சட்டம் அது. ஆரணியாற்றில் தடுப்பணைகள் கட்டி, மழைநீரை மண்ணுக்குள் இறக்கி, இழந்த அழுத்தத்தை மீட்கும் முயற்சியும் நடந்துவருகிறது. உப்பு வந்த வேகத்தில் திரும்பிப் போவதில்லை.

உள்ளூர்க் கிணறு உப்பானால், தொலைவிலுள்ள நல்ல கிணற்றிலிருந்து குழாய் இழுக்க வேண்டும். குழாய் நீளமானால் உராய்வு கூடும், கடைமடையில் அழுத்தம் குறையும். மீஞ்சூரில் நிலத்துக்குள் நடந்ததும், குப்பத்துத் தெருக்குழாயில் நடப்பதும் இப்படித்தான் தொடர்புபடுகின்றன.

காட்டுப்பள்ளி

பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே கடற்கரையில் உள்ள காட்டுப்பள்ளியில், 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. கடல்நீரைச் சவ்வு வழியாகத் தள்ளி உப்பை நீக்க, 500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத் தொட்டிக்கு நிகரான அழுத்தம் தேவை. அந்த நீர் சென்னை நகருக்குப் போகிறது. ஒரே கரையில் ஓரிடத்தில் 500 மீட்டர், இன்னோரிடத்தில் இரண்டு மீட்டர்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. குழாய் இணைப்புகளின் எண்ணிக்கை ஒழுங்காக வெளியிடப்படுகிறது. ஒற்றை மாடி வீட்டுக்குக் குறைந்தது 7 மீட்டர் எச்ச அழுத்தம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு கூறியது. என் கருத்தில், இணைப்பை எண்ணுவதோடு கடைசிக் குழாயில் ஓர் அழுத்தமானியையும் பொருத்திப் படிப்பதே சரியான கணக்கெடுப்பு. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

அழுத்தம் குறைந்தால் காத்திருக்கும் நேரம் மட்டும் கூடுவதில்லை. வசதியுள்ள வீட்டார் குழாயிலேயே நேராக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகின்றனர். அப்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியிலிருப்பதை விடத் தாழ்ந்து, விரிசல்கள் வழியாகச் சுற்றியுள்ள நீரை உள்ளே இழுக்கிறது. பழவேற்காடு போன்ற தாழ்ந்த கரையில் குழாயைச் சுற்றி இருப்பது உப்புநீரும் கழிவுநீரும்தான். மழைக்காலத்தில் குழாய்க்குழி நிரம்பிவிடும். தண்ணீர் நின்ற நேரத்தில், மூடாத குழாயின் வாய் அந்தக் குட்டைக்குள் மூழ்கிக் கிடக்கும். ஆகவே குழிக்குழாய் உள்ள தெருக்களில், தண்ணீர் வரத் தொடங்கியதும் முதல் இரண்டு குடத்தைப் பெண்கள் கீழே கொட்டிவிட்டு, மூன்றாவதிலிருந்துதான் குடிக்கப் பிடிக்கிறார்கள்.