வடம் ஓடிய இடம்

உஸ்தாத் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இந்த வண்டிய வச்சிருந்த க்ரூவ மொத்தமா சார்ஜ்ல போட்டிருக்கணும்டா."

மேசைமேல் இருந்தது நான் செய்த முதல் ரெக்கவரி வண்டி மாடல்; நின்றுபோன டாங்கிகளை இழுத்து எடுக்கும் வண்டி. ஷெர்மன் டாங்கியின் உடம்பில் கட்டிய அமெரிக்க எம்-32. அளவு 1/35, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் அதில் நிற்கும். மூன்று மாத வேலை. வெளிநாட்டுப் புத்தகங்களில் வந்த வண்ணப் படங்களைப் பார்த்துப் பார்த்துத் துரு ஏற்றியிருந்தேன். கூரைமேல் துரு, கொக்கியில் துரு, விஞ்ச் வடத்தில் துரு. எனக்கு அது அழகாகவே பட்டது.

"வடத்துல துரு வருமாடா? அதுக்கு க்ரீஸ் தடவித்தானே உனக்கு நகமெல்லாம் கறுத்துச்சு? துருப்புடிச்ச வடம் லோடுல அறுந்தா பக்கத்துல நிக்கிறவன் கதி என்ன?"

பட்டாளத்தில் பயிற்சி கொடுப்பவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும் உஸ்தாத்தான். இவர் சேலம் பக்கத்து உஸ்தாத். நான் வேலூர் பக்கம்; வீட்டுக்கு வீடு ஒரு ராணுவ பென்ஷன் வரும் ஊர். 1979-ல் சேர்ந்து, செகந்திராபாத்தில் பயிற்சி முடித்து, ராணுவத்தின் பழுதுபார்ப்புப் படைப்பிரிவான இ.எம்.இ.யில் 24 வருஷம், பெரும்பாலும் ரெக்கவரியிலேயே இருந்தேன். டி-55 டாங்கியின் உடம்பில் போலந்துக்காரர்கள் கட்டிய டபிள்யூ.இசட்.டி-2தான் என் வண்டி. ராஜஸ்தான் மணலையும் பஞ்சாப் சேற்றையும் அதன் அடிவயிற்றிலிருந்து சுரண்டி எடுத்தவன், பொம்மையில் கோட்டை விட்டேன்.

இந்தத் துரு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப்போனேன்.

முதலில் 1/35 என்ற கணக்கே ஒரு வேடிக்கை. ஜப்பானில் ஷிசுவோகா ஊரில் மர வியாபாரமும் மரப் பொம்மையுமாக இருந்த தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு பாந்தர் டாங்கி செய்தது. குழந்தைகள் தரையில் ஓடவிடும் சாமான் அது. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்கவேண்டும் என்பதற்காக உடம்பின் அகலத்தை வைத்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு வந்தது. பேட்டரிக்காக விழுந்த அந்த எண்ணை இன்றைக்கு உலகமே வேதம்போலக் கடைப்பிடிக்கிறது.

ஓடவிடும் பொம்மைக்கு யார் அழுக்குப் பூசுவார்கள்? அழுக்கு பின்னால் வந்தது. 1970-களில் அமெரிக்காவின் மோனோகிராம் நிறுவனம் தன் டாங்கிப் பெட்டிகளுக்குள் ஷெப்பர்ட் பெய்ன் என்பவர் செய்த காட்சிகளைப் படமாகப் போட்டு, செய்முறையோடு ஒரு தாளை மடித்து வைத்தது. வண்டி தனியாக நிற்காது, அதைச் சுற்றி ஒரு கதை நடக்கும் என்று பையன்களுக்குப் புரிந்தது அப்போதுதான். அடுத்து பெல்ஜியத்திலிருந்து பிரான்சுவா வெர்லிண்டன்: இடுக்குகளில் கறுப்புச் சாயத்தைக் கரைத்து ஓடவிடுவார், விளிம்புகளில் காய்ந்த தூரிகையால் வெளிறிய நிறத்தைத் தேய்ப்பார். 2000-க்குப் பிறகு ஸ்பெயினின் மிகுவேல் ஹிமெனெஸ் வழி வந்தவர்கள் வண்ணப் பொடி, பெயின்ட் உதிர்வு, மெல்லிய படலம் படலமான நிற மாற்றம் என்று ஒரு தனிப் பள்ளியே நடத்தினார்கள். ஒவ்வொருவரும் முன்னவரைவிடச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். நான் இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைந்தபோது அழுக்கில்லாத டாங்கி பாவச் செயல் ஆகியிருந்தது.

அவர்கள் கைத்திறமையை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தூரிகை பிடிக்கும் விதம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆனால் கணக்கு இருக்கிறதே. மாடலில் 1 மி.மீ. பெயின்ட் உதிர்ந்தால், நிஜ வண்டியில் அது மூன்றரை சென்டிமீட்டர். அப்படி உடம்பு முழுக்க உதிர்ந்த வண்டியை நான் குப்பைக் கிடங்கில்தான் பார்த்திருக்கிறேன். இன்னொரு கணக்கு: 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கிய ஒரு ஷெர்மன், அடிபடாமல் போர் முடியும்வரை ஓடியிருந்தாலும் அதன் சேவை 11 மாதம். பதினோரு மாதத்தில் தகடு என்ன துருப்பிடிக்கும்? புகைக்குழாய் பிடிக்கும், அது சூட்டில் வேகிற இரும்பு. செயின் பிடிக்கும், ஒரு ராத்திரி பனியில் ஆரஞ்சு நிறமாகிவிடும். காலையில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் மறுபடி வெள்ளிதான்.

ரெக்கவரி வண்டியின் அழுக்கு இன்னும் வேறு. சண்டை டாங்கியின் மேல் இருப்பது அது ஓடிய ஊரின் மண். எங்கள் வண்டிமேல் இருப்பதோ ஊரான் வண்டியின் மண், ஊரான் வண்டியின் ஆயில். சங்கிலி தொங்கும் இடத்தில் வளைவாகப் பெயின்ட் தேய்ந்திருக்கும். ஷாக்கிளைத் தூக்கிப் போடுகிற மூலையில் நூறு சின்னக் குழிகள் இருக்கும். வடம் க்ரீஸில் ஊறிக் கறுத்திருக்கும். அது உரசுகிற இடமெல்லாம், கப்பியின் பள்ளம், கொக்கியின் உள்வளைவு, விஞ்ச் உருளையின் விளிம்பு, எல்லாம் கண்ணாடிபோலப் பளபளக்கும். வேலை செய்த இரும்பு மின்னும், சும்மா கிடந்த இரும்புதான் துருப்பிடிக்கும். எம்-32-ன் துருவை டர்பன்டைனில் கழுவி எடுத்துவிட்டு, பேத்தியின் நடராஜ் பென்சிலைச் சீவி, அந்தக் கரித்தூளை விரல் நுனியால் கொக்கியில் தேய்த்தேன். நான் பிடித்து இழுத்த கொக்கி அப்படியே வந்து நின்றது.

ரெக்கவரித் தொழிலின் கதை டாங்கியோடு கூடவே பிறந்தது. டாங்கி முதன்முதலில் போருக்குப் போனது 1916 செப்டம்பர் 15, பிரான்ஸில் ஃப்ளேர் கிராமத்துப் பக்கம். சண்டை தொடங்கும் இடத்துக்கு வந்து சேராமலே அன்றைக்குப் பல வண்டிகள் நின்றுவிட்டன. நின்றதை எடுக்கத் தனி வண்டி கிடையாது. ஜாக்கியும் மரக்கட்டையும் கடப்பாரையுமாக ஆட்கள் ராத்திரியில் போனார்கள். பிரிட்டிஷ் டாங்கிப் படையின் மத்திய பட்டறையில் சீனாவிலிருந்து கூலிக்குக் கொண்டுவந்த தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். 1917 நவம்பரில் கம்ப்ரே சண்டையில் பள்ளங்களை நிரப்ப டாங்கிகள் சுமந்துபோன பெரிய விறகுக் கட்டுகளைக் கட்டிக்கொடுத்தது அவர்கள் கைதான். போர்ப் படங்களில் அவர்கள் முகம் வராது.

அந்தக் கம்ப்ரேயில் பிரிட்டிஷார் பிடித்த நிலத்தில் பெரும்பகுதியைச் சீக்கிரமே ஜெர்மானியர் திரும்பப் பிடித்தார்கள். நின்றுபோன டாங்கிகளும் அவர்களிடமே சேர்ந்தன. பெல்ஜியத்தில் சார்லருவாப் பக்கம் ஒரு பட்டறை போட்டு, அவற்றைப் பழுது பார்த்து, சிலுவைக் குறி வரைந்து, பிரிட்டிஷார்மேலேயே ஓட்டினார்கள். முதல் உலகப் போர் முழுவதும் ஜெர்மனி தானே செய்த ஏ-7-வி டாங்கி வெறும் 20. எடுத்துப் பழுது பார்த்து ஓட்டியது அதைவிட அதிகம். ராத்திரி களத்தில் யார் நிற்கிறானோ, செத்த வண்டியெல்லாம் அவன் சொத்து. லிபியப் பாலைவனத்தில் 1941-ல் பிரிட்டிஷார் இதே பாடத்தைக் காசு கொடுத்து மறுபடி படித்தார்கள். அடுத்த வருஷம் அக்டோபர் 1 அன்று ரீமி என்று பழுதுபார்ப்புக்கே ஒரு தனிப் படைப்பிரிவு அமைந்தது. இந்தியாவில் 1943 அக்டோபர் 15. இன்றும் அந்தத் தேதி எங்களுக்குக் கோர் டே. பென்ஷன்காரர்கள் வயிற்றுக்கு ஒத்துவராத பிரியாணி சாப்பிடும் நாள்.

ரெக்கவரி வண்டிக்கென்று புது டாங்கியை அன்றைக்கு எவனும் எளிதில் கொடுத்ததில்லை. ஏர் இழுத்து ஓய்ந்த மாட்டைச் செக்கில் கட்டுவதுபோல, காலாவதியான டாங்கியின் தலையைக் கழற்றி எங்களிடம் தள்ளிவிடுவார்கள். ஜெர்மானியர் இதில் கொஞ்சம் மாறினார்கள், வேறு வழியில்லாமல். 1943 ஜூலையில் ரஷ்யாவில் கூர்ஸ்க் சண்டைக்கு 200 புதுப் பாந்தர்களை இறக்கினார்கள். சில நாளில் பெரும்பாலானவை கோளாறிலும் கண்ணிவெடியிலும் நின்றுவிட்டன. இழுக்க இருந்ததோ 18 டன் ஃபாமோ வண்டி, முன்னால் சக்கரமும் பின்னால் செயினும் உள்ளது. ஒரு டைகர் டாங்கியை இழுக்க மூன்று ஃபாமோவை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டவேண்டும். இப்படிப்பட்ட பாரத்துக்காகத்தான் பாந்தர் உடம்பிலேயே பெர்கபாந்தர் என்ற ரெக்கவரி வண்டியைக் கட்டினார்கள். 40 டன் இழுக்கும் விஞ்ச். பின்னால் நிலத்தில் ஊன்ற ஒரு பெரிய இரும்புக் கலப்பை. அந்தக் கலப்பை இல்லாவிட்டால் சிக்கினவன் அசையமாட்டான், இழுக்கப் போனவன்தான் சேற்றை நோக்கி இழுபட்டுப் போவான். மாடல் செய்கிற பலர் அந்தக் கலப்பையை மேலே தூக்கி மடித்து வைத்துவிட்டு, வடத்தை மட்டும் விறைப்பாகக் கட்டுவார்கள். எனக்குப் பல் கூசும்.

வடக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் உஸ்தாத் கோபித்துக்கொள்வார். சேற்றில் புதைந்த வண்டியின் கனம் அதன் சொந்த எடை இல்லை. அமெரிக்க ராணுவக் கையேட்டுக் கணக்கில், சக்கர மட்டம் புதைந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு மட்டம் என்றால் இரண்டு மடங்கு. மேலே சுழலும் பீரங்கிக் கூண்டான டரட் மட்டம் என்றால் மூன்று மடங்கு. ஷெர்மன் சுமார் 30 டன். மட்கார்டு வரை புதைந்தால் 60 டன் இழுவை வேண்டும். எம்-32-ன் விஞ்ச் 60,000 பவுண்டு, அதாவது 27 டன். ஒற்றை வடம் போட்டால் வடம் போகும், இல்லை விஞ்ச் போகும். கப்பி மாட்டி வடத்தை மூன்று மடிப்பாக ஓடவிட்டால் 81 டன். உராய்வில் போவது போக வேலை நடக்கும். எங்கள் ஊர்த் தேர் திருப்பத்தில் நின்றுவிட்டால், வடம் பிடித்த நூறு பேரும் இழுத்து ஓய்ந்தபின் சக்கரத்துக்குப் பின்னால் சன்னை போட்டு நெம்புவார்களே, அதே புத்திதான்.

ஆகவே இப்போது நான் காட்சி அமைக்கும்போது முதலில் தாளில் கணக்குப் போடுகிறேன். புதைந்திருக்கும் ஆழம், மடிப்பு எத்தனை, கப்பி எங்கே. அதன்பிறகுதான் பசை. வடத்துக்கு நூல் ஆகாது, பஞ்சு பஞ்சாக மயிர் நிற்கும். காட்பாடியில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வீணாகும் செம்புக் கம்பியை வாங்கிவந்து, ஏழு இழையை டிரில்லில் மாட்டி முறுக்குகிறேன். சேற்றுக்குச் சலித்த களிமண்ணும் பசையும், காய்ந்த புழுதிக்குச் செங்கல் தூளும் சாம்பலும். பிசிறை அடைக்க எம்-சீல். அப்புறம் பொம்மை ஆட்கள். விறைத்த வடத்தின் பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒருவனை நிறுத்துவது எல்லா நாட்டு மாடல்காரர்களுக்கும் பிடித்த வேலை. வடம் விறைத்தால் அந்தப் பக்கம் நாய்கூட நிற்கக்கூடாது. என் ஆட்கள் எல்லோரும் தள்ளியே நிற்பார்கள். பார்க்கிறவர்களுக்குக் காட்சி வெறிச்சென்று தெரியும். தெரியட்டும்.

துருவுக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. நார்மண்டிக் கரையில் இறங்கிய பார்வ் என்ற கடல் வண்டி. ஷெர்மன் உடம்பின்மேல் படகின் முகப்புபோலத் தகடு கட்டி, ஒன்பது அடித் தண்ணீரில் இறங்கி, முழுகிய லாரிகளை இழுத்து வந்தது. கரைதட்டிய படகுகளைத் தள்ளிவிட்டது. அதன் க்ரூவில் முங்கு நீச்சல்காரர் ஒருவர் சேர்த்தி. உப்புத் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே அந்த வண்டிக்கு எவ்வளவு துரு வேண்டுமானாலும் ஏற்றலாம், உஸ்தாத்தே சம்மதித்தார்.

என் டபிள்யூ.இசட்.டி-2-க்குப் பின்னால் டி-72 உடம்பில் டபிள்யூ.இசட்.டி-3 வந்தது. அதைப் போலந்துத் தொழில்நுட்பத்தில் கட்டியது கோலார் தங்கவயலில் இருக்கும் பெமல் தொழிற்சாலை. எங்கள் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குக் கிளம்பிப் போன குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. நான் அதில் வேலை செய்யக் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது மேசையில் இருப்பது எம்-31. மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தக்கோம் நிறுவனத்தின் மாடல் பெட்டி. எம்-3 லீ என்ற பழைய டாங்கிக்குப் பக்கவாட்டில் ஒரு பெரிய 75 மி.மீ. பீரங்கியும், மேலே டரட்டில் சின்னது ஒன்றும் இருந்தன. ஷெர்மன் வந்ததும் அது பழைய மாடு ஆயிற்று. பீரங்கிகளைக் கழற்றிவிட்டு விஞ்ச் வைத்து, எடை தூக்க ஒரு நீண்ட கையும் பொருத்தினார்கள். ஆனால் நிராயுதபாணி என்று தூரத்திலிருந்து எதிரிக்குத் தெரிந்துவிடக் கூடாதே. அதனால் பழைய பீரங்கி இருந்த இடத்தில் ஒரு கதவு வைத்து, அதன்மேல் வெற்றுக் குழாயைப் பீரங்கிபோலப் பொருத்தினார்கள். டரட்டிலும் ஒன்று. நிஜ வண்டியே ஒரு மாடலைச் சுமந்துகொண்டு போருக்குப் போயிருக்கிறது. பெட்டியைத் திறந்த அன்று அதை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், வீட்டில் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

போன வாரம் கொக்கியும் கப்பியும் பென்சில் தூளில் மின்னி முடிந்தன. வடம் கறுத்துவிட்டது. பின்தட்டில் ஆயில் சிந்திய தடம் கேமல் ஆயில் கலரில் வந்திருக்கிறது. மருமகன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாம் அழுக்காக்கிட்டு, இந்த பீரங்கி வாய மட்டும் ஏன் மாமா விட்டுட்டீங்க? டாங்கின்னா அங்கதானே கரி புடிச்சிருக்கும்?"

"அது ஒருநாளும் சுடலை மாப்பிள்ளை" என்றேன். குழாயின்மேல் மட்டும் கொஞ்சம் செங்கல் தூளை ஊதிவிட்டு டப்பியை மூடினேன்.