ஆவணம் எனும் சொல்

பழைய ஏடுகளையும் பத்திரங்களையும் இன்று நாம் ஆவணம் என வழங்குகின்றோம். சங்க நூல்களில் இச்சொல் பெரும்பாலும் கடைத்தெருவைக் குறிக்கும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து அங்காடி வீதியை ஆவணம் என்றே கூறுகின்றது. வடமொழி 'ஆபண'த்தோடு இதனைத் தொடர்புபடுத்துவோரும் உளர். ஆயினும் அகநானூற்றின் 77ஆம் பாடலில் வரும் 'ஆவண மாக்கள்' வணிகர் அல்லர். ஓலையிட்ட குடத்தின் இலச்சினையை ஆராய்ந்து நீக்கி, உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்போர் ஆவர். சோழர் கல்வெட்டுகளில் நிலவிற்பனைப் பத்திரம் 'விலையாவணம்' ஆயிற்று. பத்திரம் பதியும் இடம் 'ஆவணக்களரி' ஆயிற்று. கொள்வினையும் கொடுப்பினையும் நிகழ்ந்த இடத்தின் பெயரே அதற்குச் சான்றான ஓலைக்கும் வந்தது எனக் கருத இடமுண்டு.

அடியார்கள் நன்கறிந்த ஆவணம் ஒன்று பெரியபுராணத்தில் உள்ளது. திருமணப் பந்தலில் முதிய வேதியராய் வந்த எம்பெருமான், சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்டினார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. ஆட்சி, ஆவணம், காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு அவையோர் கேட்டனர். ஆட்சி என்பது நெடுங்கால அனுபவம். காட்சி என்பது அயலார் சாட்சி. கிழிபட்டது படியோலையே என்று கூறிய வேதியர், மூல ஓலையை நீட்டினார். அவையோர் அப்போதும் உடன்பட்டுவிடவில்லை. சுந்தரரின் பாட்டனார் கைச்சாத்திட்ட வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்பு வழங்கினர். இறைவனே கொணர்ந்த ஓலையும் ஊரார் காத்துவைத்த ஓலையைக் கொண்டே மெய்ப்பிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் காட்டும் அக்காப்பிடமே இன்றைய ஆவணக் காப்பகத்திற்கு ஒப்பானது.

அவ்வவைக்கு மூன்றில் ஒன்று போதுமானதாயிருந்தது. மலேசியத் தோட்டங்களில் எழுந்த ஆலயங்கள் பலவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பூசை நடந்த ஆட்சி உண்டு. கண்ட முதியோரின் காட்சியும் உண்டு. நிலப்பட்டா மட்டும் இல்லை. தோட்டங்கள் கைமாறி வீடமைப்பு நிலங்களானபோது கேட்கப்பட்டதோ பட்டாவே. சில ஆலயங்கள் இடம்பெயர நேர்ந்தது. பட்டா இல்லாத இடத்தில், ஆலயத்தின் தொன்மையை நிறுவத் துணைநிற்பவை தோட்ட நிருவாகத்தின் பழைய கடிதம், திருக்குட நன்னீராட்டு அழைப்பிதழ், கூட்டக் குறிப்பேடு, நன்கொடை ரசீதின் அடிக்கட்டை போன்றவையே. அவை பெரும்பாலும் முன்னாள் செயலாளர்களின் வீட்டு அலமாரிகளிலேயே கிடக்கின்றன.