செம்பனைக்கு வந்த சிறுவண்டு

ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் அமைந்த பெக்கான் நானாஸ், தன் பெயரிலேயே அன்னாசியைத் தாங்கி நிற்கும் ஊராகும். தோட்டத்தில் பயிராகும் அன்னாசி மகரந்தச் சேர்க்கை இன்றியே கனி தரவல்லது. வேற்றினத்து மகரந்தம் பட்டால் கனியில் விதை விழும்; அதனால் பயிரிடுவோர் பூச்சியையும் பறவையையும் நாடுவதில்லை. ஆனால், அதே மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்திலும் பிற இடங்களிலும் தழைக்கும் செம்பனையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. ஒரு சிறுவண்டு தன் உணவையும் துணையையும் தேடிச் செல்லும் வழியே அம்மரத்தின் விளைச்சலைத் தீர்மானித்தது. அவ்வரலாறு நம்மவர் உழைப்போடும் பிணைந்தது.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் நான்கு கன்றுகள் சாவகத்தின் போகோர் தாவரத் தோட்டத்தில் நடப்பெற்றன. இந்நாட்டில் வணிக நோக்குடன் அது முதன்முதலில் பயிரிடப்பெற்றது 1917இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில். மரம் கடல் கடந்து வந்தது. அதனோடு வாழ்ந்த வண்டு வரவில்லை.

செம்பனையில் ஆண்பாளையும் பெண்பாளையும் ஒரே மரத்தில், பெரும்பாலும் வெவ்வேறு காலங்களில் தோன்றும். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தின் பெண்பாளையைச் சென்றடைதல் வேண்டும். காற்றே அதனைச் சுமந்து செல்கிறது என அறிஞர் பலரும் நெடுங்காலம் நம்பினர். காற்றோ போதுமான அளவு உதவவில்லை. எனவே மகரந்தத்தைத் திரட்டி, மாக்கல் (டால்க்) பொடியுடன் கலந்து, மலர்ந்த பாளைதோறும் கையால் தூவும் முறை தோட்டங்களில் கைக்கொள்ளப்பெற்றது. பெண்பாளை மகரந்தம் ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்களே. அந்நாள்களைத் தவறவிடாது, முள் நிறைந்த மட்டைகளுக்கிடையே மரம் மரமாகச் சென்று தேடினர் தமிழர் உள்ளிட்ட தோட்டத் தொழிலாளர்.

லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட நிர்வாகி கேமரூனில் பணியாற்றியபோது, செம்பனைப் பாளைகளில் வண்டுகள் மொய்ப்பதைக் கண்டிருந்தார். சபாவுக்கு வந்த பின் அக்காட்சியை அவர் காணவில்லை. வேறுபாட்டைச் சுட்டிக்காட்டியபோது, காற்றே காரணம் என்ற விடையே அவருக்குக் கிட்டியது. பல்லாண்டுகளுக்குப் பின் உயர்பொறுப்பை அடைந்த அவர், பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் என்பாரின் துணையை நாடினார். சையத் 1977இல் கேமரூன் சென்று ஆராய்ந்து, செம்பனையின் மகரந்தத்தைச் சுமப்பவை கூன்வண்டுகளே என நிறுவினார். அவற்றுள் சிறந்ததெனத் தேர்ந்த இனம் எலெய்டோபியஸ் காமரூனிக்கஸ் என்பதாகும்.

இவ்வண்டை இயக்குவது மணம். மலர்ந்த ஆண்பாளை, சோம்பை ஒத்த மணமுடைய எஸ்ட்ராகோல் என்னும் பொருளை வெளிவிடுகிறது. பூச்சியினத்தில் உணர்கொம்புகள் பற்றும் மணச்செய்தி, மூளையிலுள்ள மோப்பமடலுக்குச் சென்று, அங்கிருந்து பிறந்ததிலிருந்தே அமைந்த நாட்டங்களையும், பட்டறிவால் பெற்ற நினைவுகளையும் ஆளும் பகுதிகளுக்குப் பிரிந்து செல்கிறது. ஆண் பட்டுப்பூச்சியைப் பெண்பூச்சியிடம் ஈர்க்கும் பொருளை ஜெர்மானிய அறிஞர் பூட்டனாண்ட் 1959இல் பிரித்தறிந்தார். பட்டுப்பூச்சிக்கு அம்மணம் துணையை மட்டுமே குறித்தது. நம் கூன்வண்டுக்கோ பாளையின் மணம் உணவு, துணை, மகவு ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிக்கிறது. ஆண்பாளையில்தான் அது உண்கிறது, அங்கேயே இணைசேர்கிறது, அங்கேயே முட்டையிடுகிறது. பெண்பாளையும் அதே மணத்தைச் சிறிதளவு வெளிவிடும். அதை நம்பிச் செல்லும் வண்டு அங்கே உணவு காணாது திரும்பும். ஆனால் உடலில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுச்செல்லும். வண்டுக்கு அது ஏமாற்றம். மரத்திற்கோ அதுவே காய்ப்பு.

இவ்வண்டு பிற பயிர்களைத் தாக்குமோ என்ற ஐயம் ஆய்வுகளால் நீங்கிய பின்னர், 1981 பிப்ரவரியில் ஜொகூரின் மாமோர் தோட்டத்தில் அது விடப்பெற்றது. ஓரிரு ஆண்டுகளுக்குள் தீபகற்பமெங்கும் பரவிற்று. குலைகளில் காய்பிடிப்பு மிகுந்தது. கையால் மகரந்தம் தூவும் வேலை மறைந்தது.

இவ்வெற்றியைப் பாராட்டும் நூல்கள் டேவிட்சனையும் சையத்தையும் பெயர் சொல்லிப் போற்றுகின்றன. அது முறையே. ஆயினும், வண்டு செய்யவேண்டிய பணியைத் தம் கைகளால் செய்து, அவ்விடைவெளியை ஆண்டுக்கணக்கில் நிரப்பியவர்களின் பெயர்கள் எங்கே? அவர்தம் கூலி சிறிது; வண்டு வந்ததும் அக்கூலியும் நின்றது. அப்பணியைச் செய்த முதியோர் நம் குடும்பங்களில் இருப்பின், அவர்தம் வாய்மொழியை மாணவர் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுத்து, தும்பியை நான்கறிவுடையவற்றுள் வைத்தார். தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல் என்பன அந்நான்கு அறிவுகள். அவற்றுள் முகர்தல் ஒன்றே ஒரு நாட்டின் வேளாண்மையை மாற்றவல்லது என்பதைச் செம்பனை காட்டிவிட்டது. ஆறறிவு படைத்த நாம், கண்முன் மொய்த்த வண்டைக் காணாது காற்றைப் புகழ்ந்தோம். உழைத்த மக்களையும் அவ்வாறே காணாது விடலாகாது.