சிகிச்சை ஆற்றியதா, காலம் ஆற்றியதா?

செம்பவாங்கில் என் மாணவர் ஒருவரின் தாயார், பிள்ளையைப் பற்றிய பேச்சு முடிந்து எழுந்தபோது தயங்கியபடி கேட்டார்: "டீச்சர், மனச்சோர்வுக்காக இரண்டு ஆண்டுகளாக ஆலோசகரிடம் போகிறேன். இப்போது தேறியிருக்கிறேன். சிகிச்சை ஆற்றியதா, காலம் ஆற்றியதா?"

இதே ஐயத்தை 1952-இல் எழுப்பியவர் இலண்டன் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய 24 ஆய்வுகளைத் திரட்டினார். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றால் வருந்துவோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர், உளவியல் சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் ஈராண்டுக்குள் தேறிவிடுகின்றனர் என்றார். பெரும் சர்ச்சை எழுந்தது. அவர் ஒப்பிட்ட குழுக்கள் ஒத்தவை அல்ல. உளப்பகுப்பாய்வை இடையில் கைவிட்டோரையும் தேறாதோர் கணக்கில் சேர்த்திருந்தார். மறுத்தோர் சொன்னது நியாயமே. ஆயினும் அவர் கேள்வி நம்மையும் சுடுகிறது. துணைப்பாட வகுப்புக்கு வந்த பிள்ளை தேறினால் வகுப்பே காரணம் என்று எழுதிவிடுகிறோம். வராத பிள்ளைகளும் தேறினார்களா என்று யார் பார்த்தோம்?

ஒத்த குழுக்கள் வேண்டுமெனில், யாருக்குச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போல் முடிவுசெய்ய வேண்டும். கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வுற்ற 495 பேரிடம் விக்ரம் பட்டேல் குழுவினர் அவ்வாறே செய்தனர். பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகளே ஆலோசகர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள் மட்டுமே. 2017-இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதத்தில் தேறியோர் 64 விழுக்காடு. மருத்துவரின் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றோரில் 39. ஓராண்டில் அது 63, 48. பலன் நிலைத்தது, ஆனால் காலமும் தன் பங்கைச் செய்திருந்தது.

நெடுநாள் சிகிச்சையின் கதை வேறு. பிற சிகிச்சைகள் பலனளிக்காத 129 பேரை இலண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டது. ஒரு குழுவுக்கு 18 மாதங்கள், வாரம் ஒருமுறை உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை. முடிந்த அன்று அளந்தபோது தெளிவான வேறுபாடு இல்லை. இரண்டாண்டு கழித்து அளந்தபோது, ஓரளவேனும் தேறியோர் 30 விழுக்காடு. மற்றக் குழுவில் 4 மட்டுமே. முழுமையாகத் தேறியோர் இரு குழுவிலும் சிலரே என்பதையும் மறைக்கக் கூடாது. முடிந்த அன்றே ஏட்டை மூடியிருந்தால், பயனில்லை என்று எழுதியிருப்பார்கள். நாமோ பருவத்தேர்வு முடிந்த மறுநாளே தீர்ப்பெழுதுகிறோம்!

தனி ஒருவருக்கு ஒப்பீட்டுக் குழு ஏது? அந்தத் தாயாரிடம் அதைத்தான் சொன்னேன். நிறுத்துவதைத் தனியாக முடிவுசெய்யாமல், இதே கேள்வியை ஆலோசகரிடமே கேட்கச் சொன்னேன். அடுத்த சந்திப்பில் கேட்பதாகச் சொல்லிவிட்டு, மகனின் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.